பெரிய மாத்திரை

அத்தை என்னைப் பார்க்கிறாள். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் தூக்கி, நான் தண்ணீர் டம்ளரை வாயிலிருந்து இறக்குகிற வரைக்கும் பார்த்துவிட்டு, மறுபடி கீரைக்குள் போய்விடுகிறாள். பார்த்தது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். மாத்திரை இறங்கிவிட்டது. நாக்கின் அடியில் ஏதோ உலோகத்தை நக்கிய மாதிரி ஒரு சுவடு மட்டும் நிற்கிறது. இனிமேல் காப்பிக்குக் காத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அதன்பிறகு முக்கால் மணி நேரம் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது, காப்பி கூடவே கூடாது, மருந்தை உடம்பில் சேர விடாது. ஊரில் பாதிப் பெண்களுக்குத் தெரிந்த இந்தச் சட்டத்தை நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தவறாமல் கடைப்பிடிக்கிறேன். போன ஆடியில் அத்தைக்கும் தைராய்டு என்று சொன்ன பிறகு இரண்டு பேருமாகக் கடைப்பிடிக்கிறோம். இந்தச் சாப்பாட்டு மேசையில், எதிரும் புதிருமாக, ஃபில்டரில் டிகாஷன் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. 'நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி அம்மிணி' என்று சிரிப்பாள் அத்தை. கொஞ்ச நாளாக அப்படிச் சொல்வதில்லை. கொஞ்ச நாளாகச் சிரிப்பதும் இல்லை. பார்க்கிறாள். எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பார்ப்பதற்கு ஒன்று இருக்கிறது. நான் விழுங்கியது தைராய்டு மாத்திரை இல்லை.

அது லித்தியம். இந்தச் சொல்லை இந்த வீட்டுக்குள் நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. கான்வென்ட்டில் கெமிஸ்ட்ரி வகுப்புச் சுவரில் தொங்கிய அட்டவணையில் மூன்றாவது கட்டம் அது. சிஸ்டர் பெனடிக்டா அளவுகோலால் தட்டிக் காட்டியபோது பின்னால் ஒரு நாள் அது என் உடம்புக்குள் குடிவரும் என்று யார் கண்டார்கள். கல்லூரி இரண்டாம் வருஷத்தில் எனக்குத் தூக்கம் நின்றுபோனது. தூக்கம் வரவில்லை என்று சொன்னால் தப்பு, வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரம் மூளை முழுக்க டியூப்லைட் எரிகிற மாதிரி இருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் கண்டுபிடித்தேன், விடுதி வார்டன் என் துணிகளை எண்ணுகிறாள், சாப்பாட்டு மணியை எனக்காக மட்டும் வேறு மாதிரி அடிக்கச் சொல்லியிருக்கிறாள் என்று. அதை மற்றப் பெண்களுக்குப் புரியவைக்க அறைச் சுவர் முழுக்க எழுதினேன். அப்பா வந்து காரில் அழைத்துப்போனார். அம்மா பின்சீட்டில் என் தலையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு வந்தாள், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. சேலத்து மனநல டாக்டர் இந்த மாத்திரையைக் கொடுத்தார். மூன்று மாதத்தில் மணி எல்லோருக்குமான மணியாக ஆனது. அதன்பிறகு ஒன்றுமில்லை. பரீட்சை எழுதினேன், வேலைக்குப் போனேன், சண்டை போட்டேன், சினிமா பார்த்தேன். ஜாதகம் எடுத்தபோதுதான் அம்மாவுக்குக் கவலை வந்தது. தினமும் மாத்திரை போடுகிற பெண், எதற்கு என்று கேட்பார்களே. அம்மாவே வழியும் கண்டுபிடித்தாள். தைராய்டுன்னு சொல்லிக்கலாம் இந்து, வீட்டுக்கு ஒருத்திக்கு இருக்கு, அந்தப் பேரைச் சொன்னா ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க. எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் மிளகு போட்டுவைக்க வேண்டும் என்று சொல்லி காலித் தைராய்டு பாட்டில்களை வாங்கிவந்தாள். லித்தியம் அட்டையில் வரும், தைராய்டு மாத்திரை பாட்டிலில் வரும். அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி பாட்டிலில் நிரப்பி, மேலே ஒரு துண்டுப் பஞ்சை வைத்து மூடி, அட்டைகளைக் கொல்லையில் வைத்துக் கொளுத்திவிட்டு வந்து கை கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அம்மா சொன்னது சரிதான், யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொல்லியாகிவிட்டது, அத்தை அதற்கு, அதெல்லாம் ஒரு நோயாங்க, என் தங்கச்சிக்குக்கூட இருக்குது என்றுவிட்டு கேசரியில் நெய் எந்த ஊருது என்று கேட்டாள். ஆனால் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு சும்மா இருக்க முடியாது போலிருக்கிறது, அதோடு குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகுதான் லித்தியத்தைப் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மூன்று வருஷமாக ஒவ்வொரு காலையும் இந்த மேசையில் உட்கார்ந்து குமட்டலை எச்சிலோடு சேர்த்து விழுங்கிக்கொண்டு, காப்பி வாசனையை மூக்கால் உள்ளே விடாமல், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வது கான்வென்ட்டில் கற்றது, காலைப் பிரார்த்தனையில் ஒரு கன்னத்தில் கொசு உட்கார்ந்திருந்தாலும். அத்தைக்குத் தைராய்டு வந்த முதல் வாரத்தில் ஒரு நாள் இரண்டு மாத்திரைகளும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவளுடையது கடுகை விடக் கொஞ்சம் பெரிது, என்னுடையது சட்டைப் பொத்தான் அளவு. 'உன்றது என்ன அம்மிணி இத்தாம் பெருசு' என்றாள். ரொம்ப வருஷமா இருக்குங்க அத்தை, அதனால பவர் ஜாஸ்தி என்றேன். எவ்வளவு அழகாக வந்தது வாயிலிருந்து. அத்தை தன் கடுகை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, இந்தப் பொடிசுக்குத்தான் டாக்டரு அத்தனை பீஸ் வாங்கினானா என்றாள். சிரித்தோம். அப்போது சிரித்தோம். அதற்குப் பிறகுதான், சரியாக எப்போது என்று தெரியவில்லை, பாட்டிலில் பஞ்சு இடம் மாறியது. நான் பஞ்சை இரண்டாக மடித்து, மடிப்பு கீழே போகிற மாதிரி வைப்பேன், அம்மா வைத்த மாதிரி. ஒரு நாள் மடிப்பு மேலே இருந்தது. இன்னொரு நாள் பஞ்சு சுருட்டித் திணித்திருந்தது. பாட்டிலை ஆட்டினால் கலகலவென்ற சத்தம் அதிகமாகக் கேட்கிறது, நிறைந்த பாட்டில் அப்படிச் சத்தம் போடாது. யாரோ எடுக்கிறார்கள். நானும் என் புருஷன் நவநீதனும் அத்தையும் ஒன்றேகால் வயதுக் குழந்தையும் இருக்கிற வீட்டில் யாரோ என்று ஒருத்தர் கிடையாது. அத்தைதான். ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு முக்கு மெடிக்கல் ஸ்டோருக்குப் போயிருப்பாள். தம்பி, இது என்ன மாத்திரைன்னு பாத்துச் சொல்லு. அவன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்திருப்பான். சொல்லியிருப்பான். ஒன்று போதாமல் நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு கடைக்கும் போயிருப்பாள்.

போன மாதம் நவநீதன் தானாகவே சொன்னார், உன் மூஞ்சி உப்பிக் கிடக்கு இந்து, குரலும் ஒரு மாதிரி கரகரங்குது, தைராய்டுக்கு நல்ல டாக்டரா பார்க்கலாம் என்று. தானாகவே. பம்ப் ஒர்க்‌ஷாப்பை விட்டு ஒரு மணி நேரம் வெளியே வர மாட்டாத மனுஷன் லீவு போட்டு அழைத்துப்போனார். ஏன். அத்தை சொல்லி அனுப்பினாளா. உடம்பு சரியில்லை என்பது உண்மைதான். வெயில் காயும்போதுகூட எனக்குக் குளிர்கிறது, தலை வாரினால் சீப்பு நிறைய முடி, காலையில் எழுந்தால் யாரோ ஈரத்துணியை மேலே போட்டு வைத்த மாதிரி உடம்பு கனக்கிறது. யோசனைகூட மெதுவாகத்தான் வருகிறது, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே கதவு திறக்கக் காத்திருக்கிற மாதிரி. ரத்தம் கொடுத்தோம். டாக்டர், முன்நெற்றி முடி நரைத்த ஒரு பெண்மணி, ரிப்போர்ட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா? என் புருஷன் பெருமையாகச் சொன்னார், ஒரு நாள் விட மாட்டா டாக்டர், காப்பிகூட லேட்டாத்தான் குடிப்பா, கல்யாணத்துக்கு முந்தியிருந்தே. எவ்வளவு போடறீங்க? நூறு என்றேன், அம்மா சொல்லிக்கொடுத்தது. நூறு போட்டும் டி.எஸ்.எச். இவ்வளவு ஏறியிருக்கா என்று டாக்டர் என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். விரல் சில்லென்று இருந்தது. வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா? சில மருந்துங்க தைராய்டை பாதிக்கும், அதுக்காகத்தான் கேக்கறேன். இல்லை என்றேன். எதுவுமே? எதுவுமே இல்லைங்க டாக்டர். அவர் என்னைப் பார்த்தார், நான் பின்னால் இருந்த எடை மெஷினைப் பார்த்தேன். சரி, அடுத்த தடவை அந்த பாட்டிலைக் கையோட கொண்டு வாங்க என்றார். அடுத்த தடவை என்பது இன்றைக்கு. பதினொரு மணிக்கு. அத்தைக்கும் அதே டாக்டர், அதே நேரம், ஒரே ஆட்டோ. பாட்டிலைக் கொண்டு வாங்க என்று ஏன் சொன்னார். எல்லோரிடமும் சொல்வாரா. வீட்டில் வந்து நவநீதனிடம் கேட்டேன், உங்கம்மாகிட்டயும் பாட்டில் கேட்டாங்களா என்று. அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, தெரியலையே, ஏன் என்றார். அந்த ஏன் கொஞ்சம் தாமதமாக வந்தது.

எனக்குத் தெரியாமல் இல்லை. சேலத்து டாக்டர் முதல் நாளே சொன்னார், இந்த மருந்து சில பேருக்குக் கழுத்தில் இருக்கிற சுரப்பியை மந்தமாக்கிவிடும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும், மருந்தளவு, சிறுநீரகம், தைராய்டு, மூன்றும். அதற்குப் பயந்து மருந்தை விட்டுவிடக் கூடாது, பார்த்துக்கொண்டால் போதும் என்றார். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தோம். கல்யாணத்துக்குப் பிறகு சேலத்துக்குப் போவதற்கே ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு இரண்டு தடவை கால் உடைந்தது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது டாக்டர் மாத்திரையைக் குறைத்து, நிறுத்தி, மறுபடி கூட்டி, பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். ஆதிரை பிறந்து இங்கே திரும்பின பிறகு போகவே இல்லை, அம்மாவே பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி, பாட்டிலில் நிரப்பி அனுப்பினாள். ரத்தம் பார்க்கவே இல்லை. தைராய்டு என்று சொல்லித் தின்ற மருந்து தைராய்டையே கொண்டுவந்துவிட்டது. அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா சொன்னாள், அப்ப நாம சொன்னது பொய்யில்லைன்னு ஆச்சு இல்ல. அவள் குரலில் ஒரு நிம்மதி. எனக்கு போனைச் சுவரில் எறிய வேண்டும் போல இருந்தது.

டிகாஷன் சொட்டுகிறது. பால் இல்லை. பால் பாக்கெட் ஒன்று உடைந்து ஒழுகிக் கிடந்ததால் நவநீதன் கடைக்குப் போயிருக்கிறார். ஆதிரை உள்ளே தூங்குகிறாள், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு. அவளை எடுத்துக்கொள்வார்கள். இதுதான். மற்றதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை, ஊர் சிரிக்கட்டும், அப்பா தலை குனியட்டும், நவநீதன் என்னைக் கொண்டுபோய் அம்மா வீட்டுத் திண்ணையில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் காரை எடுக்கட்டும். ஆனால் பைத்தியக்காரி கையில் பிள்ளையை விடலாமா என்று யாராவது ஒருத்தர் சொன்னால் போதும், பிறகு ஒவ்வொரு தடவை நான் அவளைத் தூக்கும்போதும் யாராவது கதவருகே நிற்பார்கள். ஏற்கெனவே அவளிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டவள் நான். இந்த மருந்தோடு தாய்ப்பால் வேண்டாம் என்றார் டாக்டர். பால் வரவில்லை என்று சொல்லிவிட்டோம். அம்மா வீட்டில் இருந்த என்னைப் பார்க்க அத்தை கோயமுத்தூரிலிருந்து பூண்டும் வெந்தயமும் பேறுகால லேகியமும் கட்டிக்கொண்டு வந்து தானே கிளறி ஊட்டினாள். எனக்குப் பால் கட்டி, ஜாக்கெட் நனைந்து, குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பீய்ச்சிச் சாக்கடையில் விட்டுவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே வந்து இன்னும் வரலைங்க அத்தை என்றேன். பரவால்ல கண்ணு என்று என் முதுகைத் தடவினாள். அப்போதே தெரிந்திருக்குமோ. முதுகைத் தடவுகிற கைக்கு ஈர ஜாக்கெட் தெரியாமலா இருக்கும். நிறுத்து. இது எது, இது நிஜமான சந்தேகமா அல்லது வார்டன் திரும்பி வந்துவிட்டாளா. வார்டனும் இப்படித்தான் ஒரு துணியில் ஆரம்பித்தாள். சந்தேகம் வந்தால் முதலில் ஒரு சாதாரணக் காரணத்தைத் தேடு என்று சேலத்து டாக்டர் சொல்லியிருக்கிறார், சும்மா ஒரு சாதாரணக் காரணம், கிடைத்தால் கொஞ்ச நேரம் அதோடு உட்கார்ந்து பார் என்று. சரி. பஞ்சு இடம் மாறியதற்குச் சாதாரணக் காரணம் என்ன. குழந்தை எடுத்து விளையாடியிருக்கலாம், ஆனால் அலமாரியின் மேல் தட்டு அவளுக்கு எட்டாது. எலி மூடியைத் திருகாது. அத்தை நாள் பூராவும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சாதாரணக் காரணம் என்ன. எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூளை மெதுவாகத்தான் போகிறது. இன்றைக்கு அத்தை பாட்டிலை என்னிடமிருந்து வாங்கி டாக்டரிடம் தன் கையால் கொடுப்பாள், அதுதான் திட்டம். அதனால்தான் இன்றைக்கு நல்ல புடவை கட்டியிருக்கிறாள். அவளுடைய பாட்டிலிலிருந்து நான்கைந்து கடுகுகளை எடுத்து என் பாட்டிலில் போட்டுக்கொண்டு, என்னுடையதைக் கொட்டிவிட்டு, அதைக் கொண்டுபோய்க் காட்டலாம். டாக்டர் நம்புவார். மாத்திரையின் பவரைக் கூட்டி எழுதுவார். ஒருவேளை அதுவே எனக்குச் சரியான மருந்தாகவும் இருக்கலாம். அத்தை சாமி கும்பிடப் போகிற நேரம் போதும். அத்தை ஏன் இன்னும் சாமி கும்பிடப் போகவில்லை.

உம் புருசனைப் பால் வாங்க அனுப்புனா மாடு வாங்கப் போனவனாட்டத்தான் வருவான் என்கிறாள் அத்தை, கீரையைப் பார்த்துக்கொண்டே. நான் சிரிக்க வேண்டிய இடம். சிரிக்கிறேன். அத்தை தண்ணீர் டம்ளரை எடுக்கிறாள். இன்றைக்கு இது எத்தனையாவது டம்ளர், எழுந்ததிலிருந்து குடித்துக்கொண்டே இருக்கிறாள். டம்ளர் விளிம்பு பல்லில் பட்டுக் கடகடவென்று அடிக்கிறது. தண்ணீர் தாடையில் ஒழுகி நல்ல புடவையில் விழுகிறது. சிஸ்டர் பெனடிக்டா திங்கள்கிழமை காலைகளில் வரிசையாக நிற்கவைத்துக் கைகளை நீட்டச் சொல்வாள், நகம் பார்க்க. அவள் நகத்தைப் பார்ப்பதில்லை, நடுங்குகிற கை எது என்றுதான் பார்ப்பாள், நடுங்கினால் அந்தப் பெண் ஏதோ செய்திருக்கிறாள். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டேன், கையைப் பார்ப்பேன். அத்தையின் கை நடுங்குகிறது. கீரைத் தட்டில் இலையோடு காம்பும் விழுந்து கிடக்கிறது, காம்பு ஒன்றுகூட விழ விடாதவள். நேற்று சாம்பாரைக் கரண்டியோடு கீழே போட்டாள். முந்தாநாள் குளியலறைக்கு நாலைந்து தடவை ஓடினாள், கத்திரிக்காய் ஒத்துக்கலை என்றாள். நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னைக் கண்டு பயப்படுகிறாள் என்று நினைத்தேன். தெரிந்துவிட்டதால் பயப்படுகிறாள், பைத்தியத்தோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறோமே என்று நடுங்குகிறாள். ஏங்க அத்தை, கை ஏன் இப்படி ஆடுது என்று கேட்கிறேன், கேட்காமல் இருக்க முடியாமல். அத்தை டம்ளரை வைக்கிறாள். முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிறது. அவள் பார்வை முதல் தடவையாக நேராக என் கண்ணுக்கு வருகிறது.

'கண்டுபுடிச்சுட்டயா?' என்கிறாள். 'நீ கண்டுபுடிச்சிருப்பேன்னு தெரியும். நாலு நாளா உன்ற மூஞ்சியவே பாத்துட்டிருக்கறேன், எப்பக் கேப்பாளோன்னு. தப்பா நெனச்சுக்காத கண்ணு. என்ற பொடி மாத்திரை ஒண்ணும் கேக்கல. காலு வீக்கம் அப்படியே நிக்குது, அசதி விடல. உன்றது பவரு ஜாஸ்தின்னு சொன்னயல்லோ. அதுல ஒண்ணு ஒண்ணு எடுத்துப் போட்டுக்கறேன், பத்து நாளா. நவநீகிட்டச் சொல்லீராத, திட்டுவான். டாக்டரம்மாகிட்டயும் சொல்லீராத.'

சாதாரணக் காரணம். இவ்வளவு சாதாரணமான காரணம். பக்கத்து வீட்டில் தலைவலிக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது மாதிரி, தீர்ந்துபோன சர்க்கரைக்கு ஒரு டம்ளர் கடன் கேட்பது மாதிரி. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன். தெரியாது. அவளுக்கு எதுவும் தெரியாது. உடம்பிலிருந்து அந்த ஈரத்துணியை யாரோ உருவின மாதிரி இருந்தது, ஒரு மூச்சு நேரம். அப்புறம் அவள் சொன்னாள், இன்னிக்கு ரெண்டாப் போட்டுக்கிட்டேன் அம்மிணி, ரத்தம் எடுப்பாங்களே, நல்லாக் காட்டட்டும்னு. சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த பிரஷர் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கினாள். நீர் பிரியவைக்கிற மாத்திரை, தினமும் காப்பிக்கு முன்னால் போடுவது. சேலத்து டாக்டர் தன் மேசைக்குப் பின்னாலிருந்து என் காதுக்குள் பேசினார், எட்டு வருஷத்துக்கு முன்னால் பேசினது, ஒவ்வொரு வார்த்தையாக. நீர் மாத்திரையோட இது சேரக் கூடாது, சேர்ந்தா ரத்தத்துல ஏறி நின்னுக்கும், கை நடுங்கும், வயித்தால போகும், நடை தள்ளாடும், அப்ப ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. அத்தையின் விரலுக்கு நடுவே அந்த மாத்திரை ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பிடுங்கினேன். பிடுங்கிவிட்டு யோசித்தேன், எவ்வளவு வேகமாக யோசித்தேன், மந்த மூளை என்று யார் சொன்னது. உங்களுக்கு ஒத்துக்கலை அத்தை, இனிமே ரெண்டையும் போடாதீங்க என்று சொன்னால் போதும். வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரியில் காட்டலாம். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். எதைத் தின்றாள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் எதைச் சரிசெய்வார்கள். என்னை அந்தத் தைராய்டு டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்த மாதிரி இவளையும் தடவிப் பார்த்துவிட்டு, புருவத்தைச் சுருக்கிவிட்டு, நூறு போட்டுமா என்பார்கள். உள்ளே ஆதிரை சிணுங்கினாள். உள்ளே ஆதிரை, வெளியே இந்தக் கை. எனக்குப் பூண்டுப்பால் ஊட்டின கை.

'அது தைராய்டு மாத்திரை இல்லீங்க அத்தை.'

பின்ன என்றாள். சொன்னேன். லித்தியம் என்ற சொல்லைச் சொன்னேன், சுவரில் எழுதினதைச் சொன்னேன், அம்மாவையும் மிளகையும் சொன்னேன், பால் வந்தது என்றுகூடச் சொல்லிவிட்டேன், அதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, அதுவாக வந்தது. நவநீதன் எப்போது வந்தார் என்று தெரியாது, வாசல் நிலையில் பால் பாக்கெட்டுகளோடு நின்றுகொண்டிருந்தார், பாக்கெட்டிலிருந்து குளிர்ந்த தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நாளா என்றார். பத்து நாளாச் சாமி என்றாள் அத்தை. அவர் கேட்டது என்னை. அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

'அப்பறம் எதுக்கு அம்மிணி தெனமும் என்னோட உக்காந்து காப்பிக்குக் காத்துட்டிருந்தே?'

சேலத்துக்குப் போன் போட்டேன், இரண்டாவது தடவை எடுத்தார். அவர் சொன்னதை ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம். பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே, இரண்டு மாத்திரையையும் கையோடு எடுத்துக்கொண்டு, எப்போதிலிருந்து எவ்வளவு என்று சொல்லுங்கள். நீ உன்னுடையதைத் திடீரென்று விட்டுவிடாதே இந்துஜா, நாளைக்கு வா. அதற்குள் ஆதிரை முழுக்க விழித்து அழ ஆரம்பித்துவிட்டாள். நவநீதன் போய்த் தூக்கிவந்தார். தோளில் அவளைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதோ, என்று நினைத்தேன். இதைத்தான் இத்தனை நாளும் மனசுக்குள் பார்த்துவைத்திருந்தேன், தோள், குழந்தை, அந்தப் பார்வை, எல்லாம் அப்படியே. அத்தை மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், கால் நிற்கவில்லை, பக்கவாட்டில் சாய்ந்தாள். அம்மாவைத் தாங்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. குழந்தையை என் இடுப்பில் வைத்தார். பிடி என்றார். அவ்வளவுதான். மேசைமேல் இருந்த என் பாட்டிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அம்மாவைத் தாங்கி அழைத்துப்போனார். அந்தப் பிடியைக் காலையிலிருந்து திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு ஆள் இல்லாததால் கொடுத்தாரா. யோசிக்க நேரம் இருந்திருந்தால் கொடுத்திருப்பாரா.

இப்போது ராத்திரி. ஆதிரை தூங்கிவிட்டாள். மத்தியானம் அந்தத் தைராய்டு டாக்டரிடம் நானே போனில் பேசினேன். திட்டவில்லை. முதல்லயே சொல்லியிருந்தா ஒரு நிமிஷத்து விஷயம்மா என்றார். லித்தியம் இருக்கட்டும், சேலத்து டாக்டரோடு தானும் பேசிக்கொள்வதாகவும், அதோடு கடுகு போல ஒன்று சேர்த்துத் தருவதாகவும், அதை வெறும் வயிற்றில் போட்டுவிட்டுக் காப்பிக்குக் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். தெரியும் என்றேன். இனி நிஜமாகவே காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து நவநீதன் கூப்பிட்டார். ட்ரிப்ஸ் போகிறது, மருந்து ரத்தத்தில் ஏறித்தான் இருந்ததாம், இறங்கிவிடுமாம், இரண்டு நாள் வைத்திருப்பார்களாம். வார்த்தைகளை எண்ணி எண்ணிப் பேசினார். என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. பிறகு, அம்மா பேசணுங்கறாங்க என்று போனைக் கொடுத்தார். பாப்பா தூங்கீட்டாளா என்றாள் அத்தை. தூங்கிட்டாளுங்க அத்தை என்றேன்.

'நீ தூங்கலையா?'

இப்பத் தூங்கப் போறேன் என்றேன். தூங்காமல்தான் எனக்கு முதலில் வந்தது என்று காலையில் அவளிடம் நானே சொல்லியிருக்கிறேன். அதற்காகக் கேட்டாளா. நவநீதன் கேட்கச் சொன்னாரா, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாரா, நாளைக்கு இதை வைத்து ஏதாவது. அல்லது ராத்திரி போன் பேசுகிற எந்த மாமியாரும் எந்த மருமகளிடமும் கேட்பதுதானா. சாதாரணக் காரணம் ஒன்று இருக்கிறது. அதோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கிறேன். உட்கார்ந்து பார்த்தால் விடிந்துவிடும். எழுதியது போதும். ஃபில்டரில் பொடியைப் போட்டு அழுத்தி வைத்துவிட்டேன், ஒரு ஆளுக்கு மட்டும் போட வேண்டியதை இரண்டு பேருக்குப் போட்டுவிட்டேன். விளக்கை அணைக்கிறேன்.